ஐந்துக்குக் கீழே நட்சத்திரம்

துலூத் நகரில் பிப்ரவரி. ஏரி கெட்டித்துக் கிடக்கிறது.
விடுதியின் இரண்டாம் மாடியில்
ஊதிய நிர்ணயர் சங்கத்தின் கூட்டம்.
நாற்பத்தொரு பேர். ஆறிப்போன கோழி, தீர்ந்துபோன காபி.
வாசலில் நாற்பத்தொரு ஜோடி பனிக்காலணிகள்
உருகி உருகி ஒரே குளமாய்.

எங்களுக்கு எல்லாவற்றின் விலையும் தெரியும்.
துறைமுகத்துக் கிரேன் ஓட்டுகிறவரின் மணிக்கூலி,
இரவுப்பணித் தாதிக்கு எவ்வளவு கூட்டினால்
அடுத்த மருத்துவமனைக்குப் போகமாட்டாள்,
மேலாளர் என்ற சொல்லை ஒருவன் சட்டையில் ஒட்டிவிட்டால்
ஓவர்டைம் எவ்வளவு மிச்சம்.
உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
எங்கள் கணக்கில் உழக்கு துல்லியமாக மிஞ்சும்.
உழுதவன் பெயர்தான் இருக்காது.

அன்று ஏழாவது பொருள்:
செயலாளர் மார்லிஸ் டோய்வனெனுக்கு மதிப்பூதியம்.
பதினாறு வருஷமாய்க் குறிப்பெழுதுகிறாள்,
சந்தா வசூலிக்கிறாள், பெயரட்டை அச்சிடுகிறாள்,
மைக் இருமினால் அதன் முதுகில் தட்டுகிறாள்.
காசு வாங்கியதில்லை.

"சந்தை விலை என்ன?" என்றார் டுவைட் ஸ்டாட்லண்ட்.
சட்டென்று எல்லோருக்கும் உயிர் வந்தது.
"எந்தச் சந்தை? நகரமா, மாநிலமா?"
"ஒப்பிடத்தக்க சங்கங்கள் எத்தனை?"
"இரண்டு."
"அப்படியானால் சொல்ல முடியாதே."

எங்கள் விதி அது:
ஐந்து பதில்களுக்குக் குறைந்தால்
கட்டத்தில் எண் கூடாது, நட்சத்திரம்தான்.
இல்லாவிட்டால் யாருடைய சம்பளம் என்று
தெரிந்துவிடுமாம்.

யாருடையது என்று தெரியாதவர் யார் அங்கே?
பேனாவும் கையுமாய் எதிரிலேயே இருந்தாள்,
தன்னைப் பற்றிய விவாதத்தைத்
தானே எழுதிக்கொண்டு.
"கொஞ்சம் மெதுவாக" என்றாள் ஒருமுறை.
"இரண்டு என்று சொன்னது யார்?"

நான்தான். கை தூக்கினேன்.
அதற்கு மட்டும்.

ஒன்பது இருபதுக்கு ஒத்திவைத்தோம்.
இந்த வருஷ ஊதிய ஆய்வு முடியட்டும் என்று தீர்மானம்.
ஆய்வுப் படிவங்களை அனுப்புவதும்
பதில் போடாதவர்களைத் தொலைபேசியில் துரத்துவதும்
அவள் வேலை.

நாற்காலிகளில் பாதியை நான் அடுக்கினேன்.
இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஏனோ தோன்றுகிறது.

கீழே அவள் கார் கிளம்பவில்லை.
என் வண்டியை மூக்கோடு மூக்காக நிறுத்தி
பேட்டரிக் கம்பிகளை மாட்டினேன், விரல் மரத்துப்போனது.
மூன்றாம் முறை என்ஜின் பிடித்துக்கொண்டது.
கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி
"எவ்வளவு?" என்றாள்,
சிரிக்காமல்.