மெரூன்

கணக்காளர் தாளில் இந்த வருஷம் லாபம்
பதினெட்டு சதவீதம்.
வெருலம் கடையில், வெள்ளி மாலை நாலு மணிக்கு,
ஆறு பேர் சம்பளத்துக்கு
கல்லாவில் நாலாயிரம் ராண்ட் துண்டு விழுகிறது.

“லாபம் வேற, ரொக்கம் வேற, கோகிலம்”
என்கிறார் போனில் தனபாலன் நாயுடு.
சரி, அந்த லாபத்தைக் கண்ணில் காட்டுங்கள்,
கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

தேடினேன்.
கொஞ்சம் புது ஓவர்லாக் மெஷினாக
மூலையில் உட்கார்ந்திருந்தது.
கொஞ்சம் இரண்டு பள்ளிக்கூடங்களின் மேஜையில்:
மாதக் கடைசியில் தருவார்களாம்,
எந்த மாதம் என்று சொல்லவில்லை.
மிச்சம்,
ஏணி போட்டு ஏறினால்,
மேல்தட்டில்
முந்நூற்று நாற்பது மெரூன் ஸ்வெட்டர்.
அந்தப் பள்ளி ஆகஸ்டிலேயே கருநீலத்துக்கு மாறிவிட்டது.

ஏணியில் நிற்கும்போதே கரண்ட் போனது.
இருட்டில் மெரூனும் கருநீலமும் ஒன்றுதான்,
தாளில் இருப்பது மாதிரி:
கையிருப்பு, ஒன்றுக்குத் தொண்ணூற்றைந்து.

இறங்கி, போன் வெளிச்சத்தில்
அட்டை எழுதினேன்: எது எடுத்தாலும் முப்பது.
தோபிலே கத்தரியை வைத்துவிட்டுப் பார்த்தாள்.
“அடக்க விலையே தொண்ணூற்றைந்து, மா.”
தெரியும்.
வாசலில் கட்டு.