திருக்கையின் நிறை

பிள்ளையின்ரை நிறையில் பத்தில் ஒரு பங்கு,
அதுக்கு மேலை போகக்கூடாது எண்டா
பெரியாஸ்பத்திரியில் தெரப்பி மிஸ்.
"முகத்துக்குக் கிட்ட வைக்காதேங்கோ.
நித்திரை கொண்ட உடனை எடுத்துவிடுங்கோ."
மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினன்:
பதினேழு கிலோ. ஒண்டு தசம் ஏழு.

வெளியிலையிருந்து எடுப்பிக்கலாமாம்,
பாரம் வைச்சுத் தைச்ச கரடி, நாய்க்குட்டி.
விலையைப் பார்த்திட்டுப் போனைக் கவிழ்த்து வைச்சன்.
ஆரணனுக்கு எந்தக் கரடியைத் தெரியும்?
அவனுக்குத் தெரிஞ்சது பாசையூர்ச் சந்தையில்
சாக்கில் விரிஞ்சு கிடக்கிற திருக்கை.
அத்தனை ஏலச் சத்தத்துக்குள்ளும்
காதைப் பொத்தாமல் அவன் நிக்கிறது
அதுக்கு முன்னாலை மட்டுந்தான்.

இவற்ரை பழைய டெனிமில் வெட்டினன்.
வயித்துக்குத் தலையணை உறை.
வால் நல்ல நீளம்,
அவன்ரை மணிக்கட்டை இரண்டு சுத்துச் சுத்தும்.
உள்ளுக்குப் பயறு.
மடியில் வைச்ச முதல் நாள்
தோள் இரண்டும் காதை விட்டுக் கீழை இறங்கினதைக்
கண்ணாலை கண்டன்.

நாலாம் கிழமை தண்ணித் தொட்டிக்குள்ளை விட்டிட்டான்.
மீன் எண்டால் நீந்தத்தானே வேணும்.
கொடியில் போட்டன், காய்ஞ்சுது எண்டு நினைச்சன்.
மூண்டாம் நாள் தையலுக்குள்ளாலை
வெள்ளையாய் ஒரு முளை எட்டிப் பார்த்தது.
அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்.
நான் பிரிச்சுக் கோழிக்குக் கொட்டினன்.

பிறகுதான் சைக்கிள் போல்ஸ்.
தட்டாதெருச் சந்தியில் அமலதாஸ் அண்ணை
பழசு புதுசு எல்லாத்தையும் கிண்டித் தந்தார்.
கிறீஸ் போக மூண்டு தரம் சவர்க்காரம்,
பன்னிரண்டு குட்டிப் பை, இரட்டைத் தையல்.
சந்தைத் தராசில் ஒருக்கால் போட்டுப் பார்த்தன்.
"கிலோ என்ன விலை தங்கச்சி?" எண்டு
மீன்காரர் முகத்தைச் சிரிக்காமல் வைச்சுக்கொண்டு கேட்டார்.

எல்லா நாளும் சரிவராது.
ஒருநாள் தூக்கி எறிஞ்சதில்
குசினித் தரையில் ஒரு கல் வெடிச்சது.
ஒருநாள் தொடவே விடேல்லை, என்னையும்.
இன்னொரு நாள் பள்ளிக்கூட வானுக்குள்ளை
மடியில் அதோடை,
ஹோர்னுக்கு அழாமல்
கச்சேரி வரைக்கும் போயிருக்கிறான்.
டிரைவர் இறங்கி வந்து சொல்லிப்போட்டுப் போனார்.

நேற்றுக் கோயில் வாணம்.
மேசைக்குக் கீழை ஓடினவனுக்குப் பக்கத்தில் படுத்து
திருக்கையை அவன்ரை நெஞ்சுக்குக் கீழை வைச்சன்.
மூச்சு மெல்ல நீண்டது. கண் சொருகிச்சுது.
எடுத்து மேசையில் வைச்சிட்டு
அவனைக் கட்டிலில் கிடத்தித் திரும்பி வர
மேசையில் திருக்கையைக் காணேல்லை.

ஹோலில் லைட் போடாமல் இவர்.
முழங்காலில் அது விரிஞ்சு கிடக்குது.
அந்த முழங்காலுக்குள்ளை ஏற்கனவே ஒரு துண்டு இரும்பு,
எடுக்கப் போனால் நரம்பு போகும்,
கிடக்கட்டும் எண்டு அந்தக் காலத்து டொக்டர் விட்டது.
மேலை இப்ப என்ரை சைக்கிள் இரும்பு.
ஒவ்வொரு வெடிக்கும்
விரல் டெனிமை இறுக்கிப் பிடிக்குது, விடுகுது.
வாலைச் சுத்திப் பார்த்திருக்கிறார்,
அவற்ரை கைக்கு ஒரு சுத்துத்தான் வந்திருக்கு.

பன்னிரண்டு வருசம் ஒரு வீட்டில் இருக்கிறம்.
வாணம் எண்டால் இவர் கடைக்குப் போவார்,
மோட்டர் போடுவார், ரீவியைக் கூட்டுவார்.
நான் அதைச் சத்தத்தோடை சேர்த்து வைச்சதில்லை.

நித்திரை கொண்டால் எடுக்கச் சொன்னா மிஸ்.
இவர் நித்திரை இல்லை.
நான் எடுக்கேல்லை.

விடிய அமலதாஸ் அண்ணையிட்டைப் போனன்.
"இன்னும் வேணுமோ? எவ்வளவு?"
கணக்குப் பார்த்தன்: அறுபத்தெட்டுக் கிலோ,
பத்தில் ஒண்டு.
"ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய."
அவர் கையைத் துடைச்சார்.
"அப்ப இது பெரிய மீன். என்ன மீன் பிள்ளை?"
"தெரியாது அண்ணை," எண்டன்.
"கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."