அரைப் பேர்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை
ஒரு வெள்ளைக்காரி சொன்னாள்,
தான் இன்றைக்கு வானிலைக்குக் கீழே இருப்பதாக.
அப்புத்தளையில் எல்லாரும் அதற்குக் கீழேதான், மேடம்.
பகல் பதினொரு மணிக்கே பனி படியேறி வந்து
சாவிப் பலகையில் இலக்கங்களை அழித்துவிடும்.
ஓடிப்போய்க் குடை கொண்டுவந்தேன்.
அவளுக்கு வேண்டியிருந்தது பனடோல்.

பழைய துரை பங்களா. இப்போது பன்னிரண்டு அறை.
அம்மா கொழுந்துக் கூடையோடு இறங்கும் குறுக்கு
எட்டாம் அறை ஜன்னலுக்கு நேரே தெரியும்,
அதனால் அந்த அறைக்கு மூவாயிரம் கூட.

ஓ.எல்.லில் இங்கிலீசுக்கு எனக்கு சி.
கொப்பி ஒன்று வாங்கினேன்.
கேக் துண்டு: சுலபமான வேலை.
பூனையும் நாயுமாகக் கொட்டுவது: மழை.
எங்களுக்கு மழையோடு வருவது அட்டை மட்டும்.
வாளியை உதைத்தவர்: இறந்துபோனவர்.
இதற்கு நான் சிரித்துக்கொண்டிருக்க,
தலையணை உறை மாற்றியபடி ஜெயசீலி கேட்டாள்,
"நாம மட்டும் மண்டையப் போடுறோமே,
அத எங்கடி போடுறோம்?"

மலையேறுவது என் கோப்பைத் தேநீரல்ல என்றார் ஒருவர்.
பாதி குடித்திருந்த கோப்பையை
மன்னிப்புக் கேட்டு எடுத்துப் போய்விட்டேன்.

ஐந்தாம் அறைக் கிழவர் பில்லைப் பார்த்து முகம் சிவந்தார்.
பொலிசைக் கூப்பிடு என்றார்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
பிறகு குலுங்கிச் சிரித்து,
சும்மா உன் காலை இழுத்தேன் என்றார்.
எங்கள் பக்கம் காலை வாருகிறவன்
கூடவே இருந்து கவிழ்ப்பவன்.
அவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று
இரவு முழுக்கப் புரண்டேன்.
விடிந்து பார்த்தால் இரண்டாயிரம் ரூபா
சந்தோசம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.
கொப்பியில் அந்த வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது.

ஐப்பசியில் பாதை சரிந்தது, முன்பதிவுகள் சரிந்தன,
கொழும்பிலிருந்து மனேஜர் ஒருவர் வந்தார்.
கதிரையில் உட்காரச் சொன்னார், அதுவே புதிது.
மிக மெதுவான இங்கிலீசில் சொன்னார்,
உன்னைப் போக விடுகிறோம்.
தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.
நன்றி சேர் என்றேன். இரண்டு தரம் சொன்னேன்.
எத்தனை நாளைக்கு சேர்?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சுத்தமாகத்தான் இருந்தது அது.

லயத்தில் அம்மா முழுக் கதையையும் கேட்கவில்லை.
அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வைத்தபடி
தலை நிமிராமல் கேட்டார்,
"பேரு வெட்டிட்டானுங்களா?"
அந்தக் கதிரையில் இருந்த மெத்தை
இந்தச் சொல்லில் இல்லை.

கடைசி நாள்.
எட்டாம் அறையில் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன்.
கீழே தராசடியில் சத்தம்.
பெவர்லி என்றொரு டீச்சர்,
கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி,
என்ன சண்டை என்று கேட்டாள்.
இரண்டு கிலோ குறைந்தாலும்
அரைப் பேர்தான் போடுவார்கள் என்றேன்.
பாதிப் பெயரா?
ஆமாம், பாதிப் பெயர்.
என்ன அழகு என்று எழுதிக்கொண்டாள்.
எந்தப் பாதியைப் போடுவார்கள்,
முன்பாதியா, பின்பாதியா?

அம்மாவின் பெயர் தவமணி.
தவத்தை வெட்டுவார்களா மணியையா என்று
முதல் தடவையாக நானும் யோசித்தேன்.
அப்புறம் கணக்கைச் சொன்னேன்:
முழு நாள் நனைந்ததற்கு அரை நாள் காசு.

பெவர்லியின் கை நோட்டின் மேல் நின்றது.
படம் கிடைத்துவிட்டது என்றாள்.
இது என் கொப்பியில் இருக்கிறது:
விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஜன்னலைத் திறந்து
உண்மையாகவே ஒரு படம் எடுத்தாள்.
பனிக்குள் ஏழெட்டுக் கூடைகள்,
எல்லாம் முதுகு காட்டியபடி.
அதில் ஒன்று அம்மா என்று நான் சொல்லவில்லை.