ஆறில் ஒன்று

டிக்கெட் கிழிக்கிற பையன் எங்கள் முழங்கால் உயரத்தில்
யாரையோ தேடினான். பிள்ளைகள் எங்கே?
ஆர்வோ தன் நரைத்த தாடியை நீவிக் காட்டினான்.
நாற்பத்தாறு வயது எனக்கு. அவனுக்கு ஒன்று கூட.

துலூத்தில் பிப்ரவரி. ஏரி
பார்வை தீரும்வரை கெட்டித்துக் கிடந்தது.
உள்ளே சோளப்பொரியும் நனைந்த காலுறையும் கலந்த வாடை,
பின்வரிசையில் யாருக்கோ பிறந்தநாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
மழை.
அதை வரைந்த கை யாருடையதோ, அதற்கு ஒரு கும்பிடு.
ஒவ்வொருவர் மேலும் வேறு மாதிரி விழுந்தது:
இடிக்கையன் தோளில் ஆவியாகி,
சுழலியைத் தொடாமலே சுற்றி,
தாழ்ப்பாளின் மேல் மட்டும்
நம் மேல் விழுவதுபோல, சும்மா, காலருக்குள் இறங்கி.

அப்புறம் அந்த நூடுல்ஸ் காட்சி.
தோற்றுவிட்டு வந்து ஆறு பேரும் பேசாமல் தின்கிறார்கள்.
ஊசிக்கண் தலை நிமிராமல் கையை நீட்டுகிறாள்;
உப்பு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.
இருபது விநாடி. வசனம் கிடையாது.
அணி என்றால் அதுதான். மற்றதெல்லாம் உடுப்பு.

இனி வழக்கு.
வில்லனுக்கு ஒரு நியாயம் கொடுத்தார்கள்,
இடைவேளைக்குள் பிடுங்கிக்கொண்டார்கள்.
மூச்சுக்கு மூச்சு ஜோக்.
கட்டடங்கள் அப்பளமாய் நொறுங்கின,
கூட்டிப் பெருக்குவது யார் என்று ஒருத்தருக்கும் கவலை இல்லை.
இதையெல்லாம் பொறுப்பேன். பழைய ரசிகைக்குத் தோல் தடிப்பு.

தாழ்ப்பாளைச் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பறக்க மாட்டான். அடிக்க மாட்டான்.
அவன் சாத்திய கதவை எவனும் திறக்க முடியாது,
அவ்வளவுதான் அவன் வாங்கிவந்த வரம்.
மாறுவேடப் போட்டிகளில் அவனாக வர ஆளே கிடைக்காது,
என்னைத் தவிர.
எழுபத்தெட்டு அத்தியாயங்களிலும்
உள்ளே வந்தவர்களை எண்ணிவிட்டுத்தான் சாத்துவான்.
உதடு லேசாக அசையும், உற்றுப் பார்த்தால் தெரியும்:
ஆறு. எப்போதும் ஆறு. தன்னையும் சேர்த்து.
படத்தில் அவனை வெளியே நின்று சாத்த வைத்தார்கள்.
ஐந்து என்று அசைந்தது உதடு.
உடனே வயலின்கள், கூட்டமாக,
கண்ணீருக்கு வரி வசூலிக்க வந்த அதிகாரிகள்போல.

அதைக்கூட விடுங்கள்.
கடைசிக் காட்சி. மலைமுகட்டில் வரிசையாக
ஐந்து பேர், அளந்து வைத்த இடைவெளியில்.
ஒருவன் நின்ற இடத்தைக் காலியாக விட
அத்தனை பெரிய திரையில் ஒரு சாண் இல்லாமலா போயிற்று?
நகர்ந்து நின்றுகொண்டார்கள்.
பார்க்க அழகாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

இவ்வளவையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு
வண்டிகள் நிறுத்துமிடத்தில் சறுக்கிச் சறுக்கி நடந்தேன்.
ஆர்வோ பேசவில்லை. கையுறையால் மூக்கைத் துடைத்தான்,
குளிர் என்றுதான் நினைத்தேன்.

இரும்புத்தாது ஏற்றும் துறையில் அவன் ஷிஃப்டுக்கு ஆறு பேர்.
புத்தாண்டுக்கு அப்புறம் ஐந்து.
அவனுடைய அலமாரியில் இப்போது
வழுக்காமலிருக்கத் தூவுகிற உப்பை அடுக்குகிறார்களாம்.
போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கார் ஹீட்டர் இருமியது.
"பாத்தியா லின்னெயா," என்றான், நேரே பார்த்தபடி,
"அவனை யாரும் போகச் சொல்லலை.
அவனாத்தான் போனான்."

என்னிடம் மறுப்பு இருந்தது.
எழுபத்தெட்டு அத்தியாயங்களின் சாட்சியோடு, எண் வாரியாக.
முன்கண்ணாடியில் பனி பொருக்காய் ஏறியிருந்தது.
அவன் இறங்கிச் சுரண்டினான்,
தன் பக்கம் முடித்துவிட்டு, கேட்காமலே என் பக்கமும்.
சுரண்டச் சுரண்ட அவன் முகம்
கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரிய வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னேன்:
மழை நன்றாக இருந்தது.

"எந்த மழை?" என்றான்.