பத்து மணி வரை

எல்லாக் கட்சிக்கும் மைக் போடுபவன் நான்.
புக்கிட் செரோஜாவில் யார் வாய் திறந்தாலும்
அதற்கு முன்னால்
சத்து, டுவா, தீகா சொல்லிப் பார்த்தது
என் வாய்.

தேர்தல் இல்லை, திருவிழா இல்லை,
சும்மா ஒரு வெள்ளிக்கிழமை.
பள்ளித் திடல் கிடைக்கவில்லை.
ஆ லியோங் கோப்பிக் கடைக்கு எதிரே
டயர் கடை மூடிய பிறகு அதன் வாசலில் மேடை.
மேடை என்றால் லோரியின் முதுகு.

டாக்டர் மாதங்கி வந்தார்.
நாடி பிடிக்கும் டாக்டர் இல்லை,
பதினோரு வருஷம் செம்பனை ஆராய்ச்சிக் கூடத்தில்
காளானோடு குடித்தனம் நடத்தியவர்.
கூடத்தை மூடினார்கள்.
சாவியை ஒப்படைத்த கையோடு
வேட்புமனுவைக் கொடுத்தார்,
எழுநூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார்.
அந்தப் பிரசாரத்தில் எனக்கு வரவேண்டியது
இன்னும் முந்நூற்று ஐம்பது வெள்ளி.

மாலையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு
ஒரு துண்டு மரத்தைத் தூக்கிக் காட்டினார்.
தோசைக்கல் அகலம்.
நடுவில் டீயில் ஊறிய ரஸ்க்.
"இது உங்க முப்பத்தாறாம் பிளாக் மரம்.
மட்டையெல்லாம் பச்சை. அடித்தண்டைப் பாருங்க.
இதுக்குத்தான் மந்திரி
அஞ்சு புள்ளி ஒண்ணு சதவீத வளர்ச்சின்னு பேர் வெச்சிருக்கார்."

சிரித்தார்கள், கொஞ்சம்.

"நோயைக் கண்டுபிடிச்ச ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு
நாலு மில்லியனுக்கு ட்ரோன் வாங்கினீங்க.
ஆகாசத்திலேர்ந்து பார்த்தா
எல்லாமே பச்சைதானே, யாங் பெர்ஹோர்மாட்?"

நடுவில் கணக்குத் தப்பியது அவருக்கு.
கிலோவை டன் என்றுவிட்டார்.
நிறுத்தி, தாளைப் பார்த்து,
"மன்னிக்கணும், ஆயிரத்தால பெருக்கிட்டேன்" என்றார்.
முப்பது வருஷமாக மைக் போடுகிறேன்.
மேடையில் தன் எண்ணைத் தானே குறைத்தவரை
அன்றுதான் பார்த்தேன்.

ஓட்டு இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மில் பஸ்ஸுக்கு நின்ற ரஃபிக்குலும் அவன் கூட்டாளிகளும்
சாலையைக் கடந்து வந்து
மரத்துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார்கள்.
பொடி உதிர்ந்தது.
வங்காளத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.
போன மாதம் அந்த பிளாக்கில்தான்
காற்றே இல்லாத நேரத்தில் ஒரு மரம் சாய்ந்தது.

"மக்களவையில இதைக் கேட்டேன்.
மூணாவது கேள்வியில என் மைக்கை அணைச்சுட்டாங்க."
கை தட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
அணைத்தவன் எங்கோ கண்ணாடி அறையில்
என்னைப்போல் மாதச் சோற்றுக்கு உட்கார்ந்தவன்,
அவன் நினைவு வந்துவிட்டது.

பத்துக்கு நாலு நிமிஷம்.
இன்ஸ்பெக்டர் ரொஸ்லி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
நல்ல மனுஷர். என் மகளின் கல்யாணத்துக்கு வந்தவர்.
பெர்மிட்டில் பத்து என்று இருக்கிறது,
கீழே என் கையெழுத்து.

"இதுக்கு மருந்து எங்க கையில இருந்தது.
எண்பத்து மூணு நோய் மரத்தில போட்டுப் பார்த்தோம்.
அதில பிழைச்சது..."

கட்டைவிரல் இறங்கியது. என்னுடையது.

லோரி மேல் வாய் அசைந்தது.
முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் நிமிர்ந்தன.
யாரோ "அட" என்றார்.
ஜெனரேட்டர் பக்கம் நின்ற எனக்கு
ஜெனரேட்டர்தான் கேட்டது.

ஒயர் சுற்றி முடித்துப் பக்கத்தில் போய்
"எத்தனைங்க டாக்டர்?" என்றேன்.
அவர் முகம் சுருங்கிவிட்டது.
கைப்பையைத் திறந்து, மூடி,
"முந்நூற்று ஐம்பதுதானே? அடுத்த மாசம் கண்டிப்பா" என்றார்.
அதற்கு மேல் என்ன கேட்பது.

மரத்துண்டு லோரியிலேயே கிடந்தது.
இன்று ஆளுங்கட்சிக் கூட்டம், நகராண்மைக் கழக மண்டபம், குளிர்சாதனம்.
இடது ஸ்பீக்கர் ஆடாமல் இருக்க
அந்தத் துண்டைத்தான் அடியில் கொடுத்திருக்கிறேன்.
மந்திரி வர இன்னும் அரைமணி.
காலி நாற்காலிகளைப் பார்த்து
சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா...
எந்த எண்ணில் நிறுத்துவதென்று தெரியவில்லை.