அடுத்த பக்கம்

சனிக்கிழமை இரவு
பொருளாளர் எட்வின் பாக்கியநாதன் போன் செய்தார்.
"ஐயரே, நாளைக்கு அரசியல் வேண்டாம்.
ஒழுக்கம் பேசுங்க, போதும்."

போன மாதம் சம்சுவைப் பற்றிப் பேசினேன்.
மூன்றாம் வரிசையில் ஒருவன்
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை.
கடைக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தது யாரென்று
கேட்டிருந்தால்
அது அரசியல்.

ஞாயிறு.
பகாவ் சாலையில் செம்பனைக் குலை லாரிகள்.
உள்ளே, 'ஒய்பி அன்பளிப்பு' என்று
தகடு பதித்த ஏர்கான்
என் பிடரியில் ஊதுகிறது.
வாசகம் நான் தேர்ந்ததல்ல,
அட்டவணையில் வந்தது:
ஓர் அரசன்
அரண்மனைக்கு அடுத்திருந்த மனிதனிடம்
தோட்டத்தைக் கேட்கிறான்.

தோட்டம்.

அங்கே அது திராட்சை.
இங்கே அந்தச் சொல்லுக்குள்
பெரட்டு மணி, லயம், தண்ணீர்த்தொட்டி,
நாற்பத்தோரு கதவுகளில் ஒட்டிய தாள்,
முப்பது நாள் கெடு.
பெஞ்சுகள் கிறீச்சிட்டன.
எல்லாரும் ஒரே நேரத்தில்
நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம்.

விளக்கவே தேவையில்லை, வாசித்தாலே போதும்.
வாசித்தேன்,
கேட்டது கிடைக்காத அரசன்
சாப்பிடாமல் கட்டிலில் படுத்து
முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடம்வரை.
அங்கே நிறுத்தினேன்.
பொய்ச்சாட்சிகள் வருவதும்
கல் விழுவதும்
ஒருவன் நேரே போய்
அரசனை முகத்துக்கு முகம் கேட்பதும்
அடுத்த பக்கத்தில்.

பொறுமையைப் பற்றி
இருபது நிமிடம் பேசினேன்.
நான் குடியிருக்கும் வீடும்
கம்பெனி நிலம்.

ஆராதனை முடிந்து, பின்னறையில்,
எட்வின் காணிக்கைப் பையைக் கவிழ்த்தார்.
ஒரு ரிங்கிட், ஒரு ரிங்கிட், ஐந்து,
சில்லறை, ஒரு ரிங்கிட்,
நாலாய் மடித்த ஒரு தாள்.
பிரித்தார்.
மலாயில் அச்சடித்த நோட்டீஸ்.
வீட்டு எண் பதினேழு,
ரூபவதி த/பெ ஈசாக்கு.
பின்பக்கம் பென்சிலில், தமிழில்:
'ஐயா, அந்த மனுசனுக்குக்
கடைசியில என்ன ஆச்சு?'

எட்வின் பிறந்தது
எண் பன்னிரண்டில்.

வெகுநேரம் தாளைத் தடவித் தடவி
மடிப்புகளை நேராக்கினார்.
பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து
பேனா மூடியைக் கடித்தபடி,
நேற்றிரவுக் குரலில் அல்ல,
கேட்டார்:
"இதை எந்தப் பத்தியில எழுத, ஐயரே?"