நாலு லிட்டர்

மூன்று மணிக்கு என் உதட்டில் விழுந்த முதல் சொட்டு
கரித்தது.
கூரைப் பனி கரிக்காது என்று
அரைத்தூக்கத்திலும் தெரிந்தது.

மாடியேறினேன். உர்வே கதவைத் திறந்தாள்,
முழங்கால் வரை நனைந்த பைஜாமா,
உள்ளங்கையில் ஒரு நத்தை.
"மன்னியுங்கள் ஹெல்டுர். இவர்தான்."

தார்த்துவில் ஜனவரி.
ஹீட்டர் காற்றை உலர்த்த
காற்று அவள் கடல்தொட்டியைக் குடிக்கிறது,
உப்பை மட்டும் விட்டுவிட்டு.
போன நல்ல தண்ணீரை ஈடுகட்ட
ஒரு மிதவை, ஒரு பம்பு, இருபத்தைந்து லிட்டர் கேன்.
மிதவை தாழ்ந்தால் பம்பு ஓடும், எழுந்தால் நிற்கும்.

மிதவைமேல் நத்தை ஏறி உட்கார்ந்தது.
கேன் காலியாகும் மட்டும்
பம்பு தன் வேலையைப் பார்த்தது,
மகா விசுவாசம்.

என் படுக்கைக்கு மேலே
பெய்ப்சி ஏரி வடிவில் ஒரு கறை.

சனிக்கிழமை கூப்பிட்டுக் காட்டினாள்:
மிதவைக்கு வலைக்கூண்டு,
அதற்கு மேலே இன்னொரு மிதவை,
முதலாவது பொய் சொன்னால் மின்சாரத்தை வெட்ட.
குழாயின் நுனி நீரைத் தொடாமல் தொங்கியது
(தொட்டால் அதுவாகவே உறிஞ்சுமாம்).
இதெல்லாம் சரி என்றேன்.

பிறகு கேனைக் காட்டினாள். ஊறுகாய் ஜாடி மாதிரி.
"கீழ்த்தொட்டியில் மிச்ச இடம் ஐந்து லிட்டர்.
இதில் நாலு.
எல்லாம் ஒரே இரவில் கெட்டாலும்
உங்கள் உதடு வரை வராது."

"தினமும் நிரப்பணுமே?"
"ஆமாம்."

இப்போது ஏழு மணிக்கு மேலே குழாய் திறக்கும் சத்தம்.
எண்ணிக்கொண்டே கிடக்கிறேன்.

கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திவிட்டதை
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.